அடுக்குக் கட்டிலுக்கு முன்னும் பின்னும்: மலையகத்து வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு ஓர் அறை

நான் வளர்ந்தது லயத்தில், இலங்கை மலையகத்துத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில், அதாவது ஒரே அறையில், ஆறு பேர். ஒரே கம்பளிக்குள் அக்காவின் முழங்கை என் முதுகில் குத்திக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டை இன்றைக்கும் மறக்க முடியாது, உண்மைதான். ஆனால் "இது என் இடம்" என்று சொல்லிக்கொள்ள ஒரு சாண் தரை எனக்கு இருந்ததில்லை. அதனாலேயே, ஹட்டன் பக்கம் ஏழு பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு எங்களுக்குக் கிடைத்தபோது, பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு படுக்கை வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இரண்டு தனிக்கட்டில் போட்டால் அறையில் நடக்க வழியிருக்காது. அடுக்குக் கட்டில்தான் ஒரே வழி. டவுன் கடைகளில் பங்க் பெட் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

பெரியவளுக்கு இப்போது எட்டு வயது, சின்னவனுக்கு நாலரை. கட்டில் வந்து ஒரு வருடம் ஆகிறது. இதே யோசனையில் இருக்கிற அம்மா, அப்பாக்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கட்டில் கடைசியில் வரட்டும். பிள்ளைகள் அந்த அறையில் சேர்ந்து தூங்கப் பழகுவதுதான் முதல் வேலை. நாங்கள் அப்படித்தான் செய்தோம், அது எங்களைப் பல இரவுகள் காப்பாற்றியது.

வயதைப் பாருங்கள்

ஆறு வயது முடியாத பிள்ளையை மேல் தட்டில் படுக்க விடக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. "எங்கள் பிள்ளை நல்லா ஏறுவான்" என்று சிலர் சொல்வார்கள். ஏறுவது பெரிய விஷயமில்லை. நடு இரவில் அரைத்தூக்கத்தில், இருட்டில், மூத்திரம் முட்டிக்கொண்டு வரும்போது நிதானமாகத் திரும்பி, பின்பக்கமாகக் காலை வைத்து இறங்க வேண்டும். அதற்கு ஆறு வயதாவது ஆக வேண்டும். இரண்டு பேருமே ஆறுக்குக் கீழ் என்றால் இப்போதைக்குக் கட்டிலை மறந்துவிடுங்கள், தரையில் இரண்டு மெத்தை போதும். ஆறு வயது தாண்டியிருந்தாலும், தூக்கத்தில் எழுந்து நடக்கிற பிள்ளைக்கும் வலிப்பு வருகிற பிள்ளைக்கும் கீழ்த்தட்டுதான்.

சின்னப் பிள்ளை பகலில் விளையாட்டுக்கும் மேலே போகக்கூடாது. ஒரு நாள் விட்டுவிட்டு மறுநாள் தடுத்தால் அதற்குப் புரியாது. முதல் நாளிலிருந்தே ஒரே சட்டமாக இருக்கட்டும்.

தரையில் மூன்று வாரம்

கட்டில் செய்யச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் நாட்களைச் சும்மா விடாதீர்கள். பிள்ளைகள் படுக்கப்போகும் அறையில் இரண்டு மெத்தைகளையும் கட்டில் வரப்போகிற இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். எங்கள் பக்கத்துச் சிமெந்துத் தரை இரவில் ஐஸ் மாதிரி இருக்கும். வெறும் பாய் மேல் மெத்தையைப் போட்டால் காலையில் மெத்தையின் அடிப்பக்கம் ஈரமாக இருக்கும். கீழே பலகை, அதற்கு மேல் பாய், அதற்கு மேல் மெத்தை என்று போடுங்கள். காலையில் மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்திக் காயவிடுங்கள்.

முதல் வாரம் நானும் அவர்களோடு படுத்தேன். இரண்டாவது வாரம் பிள்ளைகள் தூங்கும் வரைக்கும் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வாரம் கதவைத் திறந்து வைத்துவிட்டு எங்கள் அறைக்குப் போய்விட்டேன். நடுவில் சின்னவனுக்குத் தடிமன் வந்தது, நான்கு நாள் மறுபடியும் என் பக்கத்தில் வந்து படுத்தான். அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. சுகமானதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

இந்த மூன்று வாரத்தில் உங்கள் பிள்ளைகளைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும். யார் உருளுகிறார்கள், யார் இரவில் எத்தனை தடவை எழும்புகிறார்கள், யார் பல்லைக் கடிக்கிறார்கள், யாருக்கு இருட்டுப் பயம். எங்கள் பெரியவள் கடிகார முள் மாதிரி இரவு முழுக்கச் சுற்றுவாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிய வந்தது. கட்டிலின் தடுப்புப் பலகையை உயர்த்தச் சொல்லித் தச்சு பாஸிடம் (தச்சரிடம்) திரும்பவும் போனது அதனால்தான்.

எந்தச் சுவர் ஓரம்

மலையில் வீடு கட்டும்போது மண்ணை வெட்டித்தான் இடம் எடுக்கிறோம். அதனால் பல வீடுகளில் பின்சுவருக்குப் பின்னால் வெட்டிய மண்மேடு நிற்கும். பிள்ளைகளின் அறை பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் அமையும். மேடு நெருக்கமாக இருந்தால் கட்டிலை அந்தச் சுவரோடு போடாதீர்கள், எதிர்ச்சுவர் பக்கம் தள்ளுங்கள். அடை மழை நாட்களில் பிள்ளைகள் முன்னறையில் படுக்கட்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று கட்டமாக விடுகிறது: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும். சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். எங்கள் வீட்டில் மஞ்சள் அறிவிப்பு வந்த இரவே மெத்தைகள் முன்னறைக்கு வந்துவிடும். மேல் தட்டில் தூங்குகிற பிள்ளையை இருட்டில் எழுப்பி, ஏணி வழியாக இறக்கி, வெளியே கொண்டு போக எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு தடவை செய்து பாருங்கள். நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்று புரியும்.

அடுத்தது கூரை. தகரக் கூரைக்கு அடியில் சீலிங் இல்லாவிட்டால், குளிர் இரவில் தகரத்தின் உட்பக்கம் நீர்த்துளி கட்டும். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியா பக்கம் துகள் உறைபனி விழும் என்று வானொலியில் சொல்கிற நாட்களில் எங்கள் கூரையும் சொட்டும். கீழே படுத்திருந்த காலத்தில் அது எங்களுக்குத் தெரியவில்லை. மேல் தட்டில் படுத்த பிள்ளையின் நெற்றியில் விழுந்தபோதுதான் தெரிந்தது. மேல் தட்டுக்கு நேர் மேலாவது சீலிங் போடுங்கள். அஸ்பெஸ்டஸ் கூரை என்றால் இது இன்னும் முக்கியம். மேலே படுக்கிற பிள்ளைக்குக் கூரை கை எட்டும் தூரத்தில் இருக்கும், நகத்தால் சுரண்டத் தோன்றும். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. கை எட்டாமல் மறைக்க வேண்டும்.

விறகடுப்பு வீடுகளில் புகை மேலேதான் போய் நிற்கும். குசினியும் பிள்ளைகளின் அறையும் ஒரே கூரைக்கடியில், நடுச்சுவர் பாதி உயரத்தோடு நிற்கிற வீடாக இருந்தால், மேல் தட்டுப் பிள்ளைதான் அதிகப் புகையைக் குடிக்கும். சுவரின் மேல் பகுதியை அடைத்துவிட்டுத்தான் கட்டிலைப் போட வேண்டும். ஜன்னல் ஓரம் வேண்டாம். தொங்குகிற பல்ப், வயர், பிளக் எதுவும் மேல் தட்டிலிருந்து கை எட்டக்கூடாது.

குளிருக்காக அறைக்குள் கரிச்சட்டி வைக்கிற பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. கதவு, ஜன்னலை மூடிவிட்டு கரி எரித்தால் காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு) வாயு சேரும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். எவ்வளவு குளிரானாலும் படுக்கிற அறைக்குள் கரி வேண்டாம்.

தச்சு பாஸிடம் என்ன சொல்ல வேண்டும்

கடையில் கிடைக்கிற இரும்புக் கட்டில் மலிவு, ஆனால் எங்கள் ஈரத்துக்குச் சீக்கிரம் துருப்பிடிக்கும். உருண்டைக் கம்பி ஏணியில் வெறுங்காலை வைத்தால் பிள்ளைக்கு வலிக்கும், விடியற்காலையில் தொடவே முடியாது. நாங்கள் மரத்தில்தான் செய்வித்தோம். நன்றாகக் காய்ந்த மரமா என்று கேட்டுப் பாருங்கள். பச்சை மரத்தில் செய்தால் கோடையில் சுருங்கி எல்லா மூட்டும் ஆடும்.

எப்போது செய்யச் சொல்வது என்பதும் இருக்கிறது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் வார்னிஷ் காயவே காயாது, வாசனையும் போகாது. ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் செய்யக் கொடுங்கள். பதுளை, பண்டாரவளை பக்கத்தில் மழை ஒக்டோபரில் பிடித்து ஜனவரி வரை போகும், அவர்கள் ஜூனுக்குப் பிறகு செய்யலாம். வார்னிஷ் அடித்து ஒரு வாரமாவது வெளிக்காற்றில் வைத்துவிட்டுத்தான் அறைக்குள் கொண்டுவர வேண்டும்.

கட்டிலைக் கழற்றிப் பூட்டுகிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். பெரிய ரோட்டிலிருந்து வீட்டுக்கு வரும் படிக்கட்டில் முழுக்கட்டிலைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. எங்கள் வீட்டுக்கு 43 படி. நான்கு பேர் துண்டு துண்டாகச் சுமந்து வந்தார்கள்.

அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னால் மறந்துபோகும். 72க்கு 36 அங்குல மெத்தைக்கு ஏற்றபடி இரண்டு தட்டும் இருக்கட்டும். உயரத்தை இப்படிக் கணக்குப் போடலாம். அறை எட்டடி என்றால் 96 அங்குலம். மேல் தட்டின் பலகை தரையிலிருந்து 55 அங்குலத்தில், மெத்தை 5 அங்குலம், மொத்தம் 60. மீதி 36 அங்குலம் இருக்கிறது, பிள்ளை தலை இடிக்காமல் உட்காரலாம். கீழ்த்தட்டின் பலகை 14 அங்குலத்தில் இருந்தால் கீழே படுப்பவருக்கும் உட்கார இடம் கிடைக்கும். பழைய லயங்களில் கூரை சரிந்து வந்து சுவர் ஓரத்தில் ஏழடிதான் இருக்கும். அங்கே கீழ்த்தட்டை 8 அங்குலத்துக்கும் மேல் தட்டை 45 அங்குலத்துக்கும் இறக்கினால் சரியாக வரும். அதற்கும் இடமில்லையென்றால் அந்த அறை அடுக்குக் கட்டிலுக்கானது இல்லை.

இப்போது சொல்லப்போவதுதான் முக்கியமானது. மேல் தட்டுக்கு நான்கு பக்கமும் தடுப்பு வேண்டும், சுவர்ப் பக்கமும் சேர்த்துத்தான். சுவர் இருக்கிறதே, அந்தப் பக்கம் எதற்கு என்று பாஸும் கேட்டார், என் கணவரும் கேட்டார். எங்கள் ஊரில் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட முடியாது. சுவர் வேர்க்கும், மெத்தை பூஞ்சணம் பிடிக்கும், இரண்டு மூன்று அங்குலம் தள்ளித்தான் போட வேண்டும். நாளாக நாளாகக் கட்டில் நகர்ந்து அந்த இடைவெளி அகலும். உருளுகிற பிள்ளையின் உடம்பு அதற்குள் இறங்கினால் தலை மட்டும் மேலே மாட்டிக்கொள்ளும். அதனால் சுவர்ப் பக்கத் தடுப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் விடாமல் போக வேண்டும். முன்பக்கத்தில் ஏணி ஏறுகிற இடம் மட்டும் திறந்திருக்கலாம், அதுவும் 15 அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

தடுப்பின் உயரத்தை மெத்தையைப் போட்ட பிறகு அளக்க வேண்டும். மெத்தையின் மேல் மட்டத்திலிருந்து குறைந்தது 5 அங்குலம் மேலே நிற்க வேண்டும். எங்களுக்கு முதலில் செய்து வந்தது பலகையிலிருந்து 8 அங்குலம். பார்க்க நல்ல உயரமாகத் தெரிந்தது. 5 அங்குல மெத்தையையும், குளிருக்கு அடியில் விரிக்கிற மடித்த கம்பளியையும் போட்டதும் மிஞ்சியது இரண்டங்குலம்! கணக்கு அங்கேதான் தப்புகிறது. மலையகத்தில் கீழே ஒன்று, மேலே இரண்டு என்று கம்பளி சேரும். பலகையிலிருந்து 12 அங்குலத் தடுப்பு என்றே எழுதிக் கொடுங்கள். தடுப்புச் சட்டங்களுக்கு நடுவிலும், கீழ்ச்சட்டத்துக்கும் மெத்தை தாங்குகிற பலகைக்கும் நடுவிலும் மூன்றரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது.

ஏணிப்படி தட்டையாக, மூன்று அங்குல அகலத்தில், எல்லாப் படிக்கும் ஒரே இடைவெளியோடு இருக்கட்டும். நேராக நிற்காமல் கொஞ்சம் சாய்ந்திருந்தால் இறங்குவது சுலபம். ஏணியைக் கொக்கி போட்டுக் கழற்றுகிற மாதிரி செய்தால் பெரிய உதவி. பெரியவள் பள்ளிக்கூடம் போனதும் மாமி ஏணியைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிடுவார். சின்னவன் முன்பள்ளியிலிருந்து வந்து மேலே பார்த்துக்கொண்டு நிற்பான், அவ்வளவுதான்.

பழைய லயச் சுவர்கள் கல்லும் மண்ணுமாகக் கட்டியவை. அதில் ஆணியும் பிளக்கும் பிடிக்காது. கட்டிலைச் சுவரில் பூட்டிவிட்டோம் என்ற நம்பிக்கையில் இருக்காதீர்கள். கால்களுக்கு நடுவில் குறுக்குச் சட்டம் போடச் சொல்லுங்கள், கட்டில் தன் காலில் ஆடாமல் நிற்க வேண்டும். தரை மேடு பள்ளமாக இருந்தால் காலுக்கடியில் கல்லோ மட்டைத்துண்டோ சொருகாமல், மரத்துண்டை காலோடு சேர்த்து ஸ்குரு அடித்துவிடுங்கள். கட்டில் நின்றதும் பெரியவர் ஒருவர் மேல் தட்டைப் பிடித்து நன்றாகக் குலுக்கிப் பார்க்கட்டும்.

எங்கள் வீடுகளில் இன்னொரு ஆளும் உண்டு. அம்மா கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலைக்குப் போயிருக்க, பிள்ளைகளோடு படுப்பது அப்பாயியோ அம்மாயியோதான். அப்படியென்றால் கீழ்த்தட்டை நாலடி அகலமாகவும் மேல் தட்டை மூன்றடியாகவும் செய்விக்கலாம். அப்பாயியும் சின்னதும் கீழே, பெரியது மேலே. முழங்கால் வலிக்கிற வயதில் தாழ்ந்த கட்டிலிலிருந்து எழும்புவது சிரமம், கீழ்த்தட்டை 16 அங்குலமாக்கினால் அவருக்குச் சுகமாக இருக்கும்.

ஈரமும் கம்பளியும்

மெத்தை தாங்குகிற பலகைகள் ஒட்டாமல் இரண்டங்குல இடைவெளி விட்டு இருந்தால் காற்றுப் போகும். முழுப் பிளைவூட் தட்டு வேண்டாம், அதன் மேல் மெத்தை ஒரே மழைக்காலத்தில் கறுத்துப் போகும். வாரத்துக்கு ஒரு தடவை மெத்தைகளைத் தூக்கி நிறுத்துங்கள், வெயில் வந்த நாளில் வெளியே போடுங்கள். வெயில் எப்போது வரும் என்று எங்களுக்குச் சொல்லத் தெரியாது, அதனால் வருகிற அன்றே போட்டுவிட வேண்டும். மேல் மெத்தை 5 அங்குலத்துக்கு மேல் தடிப்பாக வேண்டாம், தடுப்புக் கணக்கு கெட்டுவிடும்.

கட்டிலில் சேலை, துண்டு, பை, கயிறு, பெல்ட் எதையும் தொங்கவிடாதீர்கள். பள்ளிக்கூடப் பைக்கு சுவரில் ஆணி இருக்கட்டும். கழுத்தில் சுற்றிக்கொண்டு குதித்தால் நொடியில் உயிர் போய்விடும். கீழ்த்தட்டுக்குத் திரை போட்டால் மெல்லிய துணியாக, இழுத்தால் அறுந்து வருகிற மாதிரி குத்தி வையுங்கள்.

முதல் இரவுகள்

கட்டில் வந்த அன்றைக்கே மேலே படுக்க வைக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் மூன்று நாள் ஏறி இறங்கிப் பழகட்டும். ஏணியைப் பார்த்தபடி ஏற வேண்டும், ஏணியைப் பார்த்தபடியே இறங்க வேண்டும். நான்காவது நாள் லைட்டை அணைத்துவிட்டு, டோர்ச் இல்லாமல் இறங்கச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் கீழே கையை ஏந்திக்கொண்டு நில்லுங்கள்.

காலுறை விஷயம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகள் குளிருக்குக் கம்பளிக் காலுறை போட்டுத்தான் தூங்குவார்கள். வார்னிஷ் அடித்த படியில் கம்பளிக் காலுறை சோப்பு மாதிரி வழுக்கும். பெரியவளின் கால் மூன்றாவது படியில் வழுக்கி, தாடை ஏணியில் இடித்து, உதட்டில் ரத்தம் வந்தது. அன்றிலிருந்து, ஏறும்போது வெறுங்கால், மேலே போய் உட்கார்ந்த பிறகுதான் காலுறை. இறங்கும்போது கழற்றித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்க வேண்டும். தூக்கத்தில் எழும்பினால் இது மறந்துபோகும். அதற்காகப் படிகளில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி, சிறு ஆணி அடித்து ஒட்டிவிட்டோம். ஆணித்தலை வெளியே நீட்டாமல் அடியுங்கள்.

ஏணியின் அடியும் முதல் படியும் தெரிகிற மாதிரி ஒரு சின்ன நைட் லாம்ப் எரியட்டும். மழை பிடித்தால் கரண்ட் போகும். அப்போது மேல் தட்டில் ஒரு சின்ன டோர்ச் இருக்க வேண்டும். குப்பி விளக்கும் மெழுகுதிரியும் அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது. கீழே கட்டிலுக்கு முன்னால் விளையாட்டுச் சாமான், கதிரை எதுவும் கிடக்க வேண்டாம், விழுந்தால் வெறும் தரையில் விழட்டும். முன்பக்கம் ஒரு பழைய மெத்தைத் துண்டோ தடித்த ரப்பர் பாயோ போட்டால் இன்னும் நல்லது.

வெளியே கக்கூஸ் இருக்கிற வீடுகளில், இரவில் பெரிய பிள்ளை தனியாக இறங்கிக் கதவைத் திறந்துகொண்டு போகக் கூடாது. படுக்கப் போகுமுன் இருவரையும் கூட்டிப்போய் வாருங்கள். நடுவில் தேவைப்பட்டால் அறைக்குள் ஒரு வாளி இருக்கட்டும். குளிர் காலத்தில் படுக்கை நனைப்பது கூடும். அதனால் நனைக்கிற பிள்ளைக்குக் கீழ்த்தட்டு, அதையும் மற்றவர் முன்னால் சொல்லிக் காட்டாமல் கொடுங்கள்.

யாருக்கு மேலே

சண்டை வரும். சின்னவனுக்கு மேலே வேண்டும் என்று இரண்டு வாரம் அழுதான். அவனுக்கு நான் கொடுத்த சமாதானம் பொய்யாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன். "ஆறு வயது பிறந்தநாளன்று மாற்றிப் படுக்கலாம்" என்று சொல்லி, கட்டில் காலில் அவன் உயரத்துக்குக் கோடு போட்டுத் தேதி எழுதினோம். பிறந்தநாள் வரும்போது சொன்னபடி நடத்தியே ஆக வேண்டும்.

அதைவிட உதவியது, கீழ்த்தட்டை மேல் தட்டைவிட நல்ல இடமாக்கியது. மேல் தட்டின் அடிப்பக்கம்தான் அவனுக்குக் கூரை. அதில் அவன் வரைந்த படங்களை ஒட்டினோம். படுத்துக்கொண்டே பார்க்கலாம். இப்போது அக்கா பார்க்க வேண்டும் என்றால் கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும். "தம்பி, வரலாமா?" என்று அவள் குனிந்து நின்று கேட்கிறபோது, அவன் கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி இருந்துவிட்டு "ம்… வா" என்பான். எனக்குப் பத்து வயதில் கிடைக்காதது அவனுக்கு நாலரையில் கிடைத்திருக்கிறது.

ஆளுக்கொரு பெட்டி கொடுங்கள், பிஸ்கட் பெட்டி போதும். அதை மற்றவர் திறக்கக்கூடாது, அம்மாவும்தான். மேல் தட்டில் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான். அங்கே குதிப்பது, கீழே இருப்பவர் காலால் மேல் பலகையை உதைப்பது, இரண்டும் கூடாது. எங்கள் வீட்டில் சட்டம் இவ்வளவுதான். பத்துச் சட்டம் போட்டால் ஒன்றையும் பிள்ளைகள் பிடிக்க மாட்டார்கள்.

தூங்கும் நேரம்

சின்னது அரை மணி நேரம் முன்னால் படுக்கட்டும். அது தூங்கும் வரை பெரியது முன்னறையில் படிக்கலாம், அல்லது அப்பாயியிடம் கதை கேட்கலாம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் படிப்பு மேசையை அந்த அறையில் போடாமல் வேறு இடத்தில் போடுங்கள். காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போகிற அம்மா ஐந்து மணிக்கே எழும்பிவிடுவார். பிள்ளைகளின் உடுப்பை முதல் நாளே வெளியே எடுத்து வைத்தால் அந்த அறைக் கதவை ஆறு மணி வரைக்கும் திறக்கத் தேவையில்லை.

ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், மேலே படுக்கிறவராக இருந்தாலும் அன்றிரவு உங்கள் பக்கத்தில் கீழே.

விழுந்துவிட்டால்

உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். கழுத்தையோ முதுகையோ வலிக்கிறது என்றால் அசைக்காமல் வையுங்கள். நினைவு தப்பினால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், எழுப்ப முடியாத அளவுக்குத் தூங்கி வழிந்தால், வலிப்பு வந்தால், காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி வடிந்தால் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். அது இலவசம். தோட்டத்தின் பெயர் மட்டும் சொன்னால் வண்டி கண்டுபிடிக்க முடியாது. எந்த டிவிஷன், எந்த லயம், பக்கத்தில் கோயிலா கொழுந்து நிறுக்கிற மடுவமா என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டி வையுங்கள், அப்பாயியும் பார்த்து வாசிக்கிற பெரிய எழுத்தில். தோட்டத்து ரோட்டில் வண்டி ஏறி வர நேரம் பிடிக்கும், ஒருவர் டோர்ச்சோடு சந்திக்குப் போய் நிற்கட்டும். விழுந்த பிள்ளை பார்க்க நன்றாக இருந்தாலும் அன்றைக்கு முழுக்கக் கண்ணில் வைத்திருங்கள்.

மாதத்துக்கு ஒரு தடவை

மழைக்காலத்தில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும், போல்ட் தளரும். ஒவ்வொரு போயா (பௌர்ணமி) நாளும் எங்கள் வீட்டில் ஸ்பேனர் வெளியே வரும். பெரியவள் ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்த்துச் சொல்வாள், அவள் அப்பா இறுக்குவார். தடுப்பு, ஏணிக் கொக்கி, மெத்தைப் பலகை, மூன்றையும் ஆட்டிப் பாருங்கள். ஒன்று உடைந்திருந்தால் சரிசெய்யும் வரை மேல் தட்டு பூட்டு.

அக்காவும் தம்பியும் என்றால் இந்தக் கட்டில் எத்தனை வருடத்துக்கு என்று இப்போதே யோசிக்க வேண்டும். பெண்பிள்ளை பெரியவளாகும்போது அவளுக்குத் தனி இடம் வேண்டியிருக்கும். இரண்டு தட்டையும் பிரித்தால் இரண்டு தனிக்கட்டில் ஆகிற மாதிரி, கால்களை இரும்பு ஊசியால் இணைத்துச் செய்யச் சொன்னோம். ஒன்றை அன்றைக்கு முன்னறைக்குக் கொண்டு போகலாம். பிரிக்கிறபோது மிஞ்சுகிற ஊசி, நட்டு, ஏணிக் கொக்கி எல்லாவற்றையும் கொஞ்சம் எண்ணெய் தடவி ஒரு பால்மா டின்னில் போட்டு மூடி வையுங்கள். எங்கள் ஈரத்தில் வெறுமனே வைத்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது, தொலைந்தால் அதே அளவில் டவுனில் கிடைப்பதும் கஷ்டம்.